பன்னிரண்டுக்கு மேல் காய்ச்சல் இல்லை

வெள்ளோடைப்பட்டினத்தில் அந்த ஐப்பசியிலிருந்து, திங்கட்கிழமை காலையில் நகராட்சி வாசல் கரும்பலகையில் எத்தனை என்று எழுதினார்களோ, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் சரியாக அத்தனை பேருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒன்று கூடியதும் இல்லை, ஒன்று குறைந்ததும் இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரைகூட இவ்வளவு சுத்தமாக நிறுத்துப் போட்டதில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. எழுதியவள் பாக்கியசீலி, நகராட்சி சுகாதாரப் பிரிவில் புள்ளியியல் உதவியாளர், உப்பு லாரி ஓட்டும் அருளப்பனின் மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் ஜெசிந்தாவின் அம்மா. ஊரில் எல்லோரும் கொசுவுக்குப் பயந்தார்கள். கணக்கு தப்பாமல் போவதற்குப் பயந்தவள் அவள் ஒருத்திதான்.

அதற்கு முந்தைய நான்கு வருடமும் அவள் எழுதியது இப்படி இல்லை. ஒன்பது வருடத்துக் காய்ச்சல் கணக்கு வாரவாரியாக அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. போன வாரம் எத்தனை பேர், அதற்கு முந்தின வாரம் எத்தனை பேர், போன வருடம் இதே வாரம் எத்தனை பேர், மூன்று வாரத்துக்கு முன்னால் எவ்வளவு மழை என்று எல்லாவற்றையும் கோத்து, வருகிற வாரம் எத்தனை பேர் படுப்பார்கள் என்று அது சொல்லும். இது ஜோசியமா என்று யாராவது கேட்டால் அவள் பிரியாணிக்கடை ஷாகுல் பாயைக் காட்டுவாள். போன வெள்ளிக்கிழமை எத்தனை படி அரிசி போனது, மழை பிடித்தால் எவ்வளவு குறையும், பள்ளிக்கூட லீவு என்றால் எவ்வளவு கூடும் என்று மனதுக்குள் கூட்டிக் கழித்து அவர் முந்தின நாளே அரிசி அளந்து வைக்கிறார் அல்லவா, அதுதான் இதுவும். ஆனால் ஷாகுல் பாய்க்கும் சில வெள்ளிக்கிழமை அண்டாவில் சோறு மிஞ்சும், சில வெள்ளிக்கிழமை பற்றாமல் போகும். அதனால் கணிப்பு எப்போதும் மூன்று எண்ணாக வரும்: நடுவில் ஒன்று, குறைந்தால் இத்தனை என்று ஒன்று, கூடினால் இத்தனை என்று ஒன்று. திரையில் நடுக்கோடு ஓட, அதன் இருபுறமும் இளநீலத்தில் ஒரு பட்டை கூடவே போகும். பாக்கியசீலி அந்தப் பட்டையைத்தான் பலகையில் எழுதிவந்தாள், எட்டு முதல் பத்தொன்பது வரை என்று.

ஊர் சிரித்தது. "எட்டு மணிலேந்து பத்தொம்பது மணிக்குள்ள பஸ் வரும்னு சொன்னா எவன் நிப்பான்?" என்று பலகைக்கு எதிரே கடலை வறுக்கும் தாவீது கேட்டான். புதிதாக வந்த நகர்நல அலுவலர் டாக்டர் தர்மசீலனுக்கும் அது பிடிக்கவில்லை. "ஒரே நம்பர் போடும்மா. 'முதல் வரை'ன்னு போட்டா நமக்கே தெரியலன்னு ஜனங்க நினைப்பாங்க."

"நமக்குத் தெரியாதே சார்."

"அதை ஏன் பலகையில எழுதணும்?" என்றார் டாக்டர்.

அவள் ஒன்பது என்று மட்டும் எழுதினாள். ஒன்பது பேருக்கு வந்தது. அடுத்த வாரம் பதினான்கு. பதினான்கு பேருக்கு வந்தது. மூன்றாவது வாரம் கணிப்பு பதினொன்றரை என்று வந்தது, வந்ததை அப்படியே எழுது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளும் பதினொன்றரை என்று எழுதினாள். பதினொரு பேர் படுத்த பிறகு, சலூன் குருசாமிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை இடது பாதிக்கு மட்டும் காய்ச்சல் வந்தது. இடது கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு நடுங்க நடுங்க வலது கையால் அவன் சவரம் செய்தான். வந்தவர்கள் அவனுடைய இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம், பாதிதான் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் வலது புறமாகவே சாப்பிட்டேன் என்று அவன் பிறகு சொன்னான். அதற்குப் பிறகு பாக்கியசீலி பாதியை முழுதாக்கி எழுதினாள்.

திரையில் அந்த இளநீலப் பட்டை வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் கை அகலம், பிறகு விரல் அகலம், பிறகு நூல். ஐந்தாவது வாரம் பட்டையே இல்லை, ஒற்றைக் கோடு மட்டும் நின்றது. தப்பே வராத கணிப்பை அவள் படித்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. பயந்தாள் என்று சொன்னேன் அல்லவா, அது பாதி உண்மை. மீதிப் பாதி பெருமை. கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து அவள் மேசைக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனபோது அவளுக்கு உள்ளூர இனித்தது, அதை அவள் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

ஊர் இதற்குப் பழக ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டு நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர் எதற்கும் பழகிவிடும். திங்கட்கிழமை காலையில் பலகைக்கு முன் கூட்டம் கூடியது, தாவீதுக்குக் கடலை இரண்டு மடங்கு விற்றது. சின்ன எண் விழுந்த வாரத்தில் கல்யாணம் வைத்தார்கள், பெரிய எண் விழுந்தால் காதுகுத்தைத் தள்ளிவைத்தார்கள். இத்தனை என்று தெரிந்ததே தவிர யார் யார் என்று தெரியவில்லை. அதுதான் ஊரைத் தின்றது. எண் முடியும்வரை ஒருவரை ஒருவர் நெற்றியைத் தொட்டே பேசினார்கள், தும்மினால் தெருவே திரும்பிப் பார்த்தது. முதல் ஆள் படுத்தான் என்றதும் பெருமூச்சு விட்டு, நமக்காக ஒருத்தர் படுத்துட்டாவ என்று இளநீரும் பன்ரொட்டியும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வரிசையில் போனார்கள். கல்யாணம் ஆகாத தபால்காரர் சங்கரவேல், இந்த வாரக் கணக்கில் நான் ஒன்று என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டிரம்களுக்கு நடுவில் மூன்று நாள் உட்கார்ந்தார். ஒரு கொசுவும் அவரைத் தீண்டவில்லை, நான்காம் நாள் அவமானத்தோடு எழுந்து தபால் கொடுக்கப் போனார். கோயில் மைக்கில் இன்னும் நாலு பேர் என்றார்கள், பள்ளிவாசலில் இன்னும் மூணு என்றார்கள், சர்ச் அறிவிப்பில் இன்னும் இரண்டு பேர், ஜெபியுங்கள் என்றார்கள். கடைசி ஆளும் படுத்ததும் பஜாரில் சரவெடி போட்டார்கள்.

வெடி வெடித்ததும் ஊர் அடுத்த திங்கள் வரை விடுதலை ஆனது. டிரம் மூடியைக் கழற்றி வெயிலில் காயப்போட்டார்கள், கொசுவலையைத் துவைத்துக் கொடியில் போட்டார்கள், கொசுப்புழு மருந்து ஊற்ற வந்த பெண்களை, அதான் முடிஞ்சு போச்சே, திங்கக்கிழமை வாங்க என்று வாசலிலேயே அனுப்பினார்கள். இனிக் காய்ச்சல் இல்லை என்று எண்ணே சொல்லிவிட்ட பிறகு கொசு என்ன செய்துவிடும்?

ஆனாலும் வெடிச்சத்தத்துக்குப் பிறகு சில வீடுகளில் சிலருக்கு உடம்பு கொதித்தது. தொட்டால் கை சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தால் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ரத்தம் கொடுத்தால் லேபில் சுத்தம். அதற்கும் ஊர் ஒரு பேர் கண்டுபிடித்தது, வெறுஞ்சூடு. வெறுஞ்சூட்டுக்கு வெந்தயம், வெறுஞ்சூட்டுக்கு மோர், வெறுஞ்சூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக் குளியல். அதிலேயே பலர் எழுந்தும் விட்டார்கள், எழுந்தவர்கள் வெந்தயத்துக்குச் சாட்சி சொன்னார்கள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை அவள் பன்னிரண்டு என்று எழுதினாள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே பன்னிரண்டும் நிறைந்து சரவெடி வெடித்தது, இவ்வளவு சீக்கிரம் எந்த வாரமும் முடிந்ததில்லை என்று தாவீது எல்லோருக்கும் ஒரு பிடி கடலை சும்மா கொடுத்தான். வியாழக்கிழமை, பாக்கியசீலியின் தெருவில் கடைசி வீட்டு வடிவு ஆபீசுக்கு வந்தாள். அவள் புருஷன் அரிச்சந்திரன் உப்பளத்தில் வேலை பார்ப்பவர், சத்தமாகப் பேசத் தெரியாத மனுஷன்.

"சீலி, அவியளுக்குச் செவ்வாக்கிழமை சாயங்காலத்துலேந்து கொதிக்கு. கண்ணுக்குப் பின்னால வலிக்குன்னு அழுதாவ. ஆஸ்பத்திரியில பாக்க மாட்டேங்காவ. நீ ஒரு வார்த்தை எழுதிக் குடு."

"பன்னெண்டும் முடிஞ்சுட்டேக்கா."

"முடிஞ்சா என்ன? பதிமூணுன்னு போடு."

"நான் போடக் கூடாதுக்கா. அதுவா வாறது. மெஷின்ல காட்டல." திரையைத் திருப்பி அந்த ஒற்றைக் கோட்டைக் காட்டினாள். "தெர்மாமீட்டர்ல எவ்வளவு இருக்கு?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்ப வெறுஞ்சூடுதான். மோர் குடுங்க."

வடிவு கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தாள். "நீ படிச்சவ. நீ வந்து ஒரு தடவை தொட்டுப் பாரேன்."

சாயங்காலம் வாறேன் என்றாள் பாக்கியசீலி. போகவில்லை. போனால் தொட வேண்டும், தொட்டால் சுடும், சுட்டால் கணக்கு தப்பு என்று ஆகும். ஏழு வாரம் தப்பாத கணக்கு. அவள் அந்தத் தெருமுனைக்கே போகாமல் பின்பக்க முடுக்கு வழியாக வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை மதியம் ஜெசிந்தா சோற்றைத் தள்ளிவிட்டு அம்மா மடியில் வந்து விழுந்தாள். பாவாடைத் துணியைத் தாண்டிப் பிள்ளையின் சூடு தொடையில் ஏறியது. பாக்கியசீலி தெர்மாமீட்டர் வைத்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. எதிர்வீட்டில் ஒன்று வாங்கி வைத்தாள், மெடிக்கலில் புதிதாக ஒன்று வாங்கி வைத்தாள். மூன்றும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. அருளப்பன் லாரியோடு ஓசூர் தாண்டிப் போயிருந்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"மேடம், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்று நர்ஸ் சிரித்தாள். "உங்க பன்னெண்டும் உள்ள வரிசையா படுத்திருக்குல்லா? வந்து எண்ணிப் பாருங்க."

"கையத் தொட்டுப் பாரு பிள்ள. கொதிக்கு."

"வெறுஞ்சூடு மேடம். மோர் குடுங்க."

தன் வாயிலிருந்து போன சொல் ஊரைச் சுற்றித் தன் காதுக்கே வந்ததும் அவள் பிள்ளையின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். ஜெசிந்தாவின் முழங்கைக்குக் கீழே கடுகு மாதிரி சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வேர்க்குரு என்றாள் நர்ஸ். வேர்க்குரு இல்லை என்று பாக்கியசீலிக்குத் தெரியும், ஒன்பது வருடத்து டெங்குக் கணக்கை எண்ணாகப் பார்த்தவளுக்கு அது புள்ளியாகவும் தெரியும். ஆனால் படுக்கை தர, ஊசி போட, டிரிப்ஸ் ஏற்ற, அங்கே இருந்த யாருக்கும் கை எழவில்லை. கொடூரம் ஒன்றும் இல்லை, அவர்கள் நல்லவர்கள். இல்லாத காய்ச்சலுக்கு எப்படி மருந்து கொடுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையை எதிர்வீட்டில் ஈரத்துணியோடு விட்டுவிட்டு அவள் ஆபீசைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மழையைக் கூட்டிப் போட்டாள், போன வருடத்தை மாற்றிப் போட்டாள், கெஞ்சிக்கூடப் பார்த்தாள். பன்னிரண்டு. மறுபடி பன்னிரண்டு. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்த மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் உள்ளே போட்டதுதான். போன வாரத்து வெறுஞ்சூடுகளை அவள் போடவில்லை, அதற்கு முந்தின வாரத்ததையும் போடவில்லை. சேர்க்காத ஆளை அது எங்கே போய்த் தேடும்? அது ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை, ஊர்தான் ஏழு வாரமாக அதைப் பார்த்துப் படுத்தும் எழுந்தும் கொண்டிருந்தது.

சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சர்ச் விட்டு ஜனங்கள் பஜாருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் பன்னிரண்டை அழித்ததும் தாவீது கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எக்கா, என்ன செய்யுதீய? வாரம் முடிய ஒரு பொழுதுதான் கெடக்கு!"

"பதிமூணுன்னு எழுதப் போறா!" என்று யாரோ கத்தினார்கள். "அந்தப் பதிமூணு யாரு வீட்டுல விழும்? யாரு பிள்ளை?"

கூட்டம் நெருங்கியது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். பாக்கியசீலியின் கை பலகையில் நின்றது. பதிமூன்று என்று எழுதினால் ஒரு இடம்தான் திறக்கும், அந்த இடம் வியாழக்கிழமையே வந்து கேட்ட அரிச்சந்திரனுக்கு உரியது, ஜெசிந்தாவுக்கு இல்லை. பதினான்கு என்றால் இருவருக்கும் ஆகும். ஆனால் வேறு எத்தனை வீட்டில் எத்தனை பேர் மோரைக் குடித்துக்கொண்டு கொதித்துக் கிடக்கிறார்கள்? அவளுக்குத் தெரியாது. ஒரு தாய்க்குப் பதினான்கு போதும், ஆனால் அவளுக்குத் தெரியாது. தெரியாததை எழுத அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

பதினாலு முதல் இருபத்துநாலு வரை, என்று எழுதினாள்.

கூட்டத்திலிருந்து எழுந்தது சத்தம் இல்லை, ஒப்பாரி. இருபத்துநாலா என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றினார். தாவீது அவளுக்கு முன்னால் கையை விரித்து நிற்காமல் போயிருந்தால் அடியே விழுந்திருக்கும். அதற்குள் பஜாருக்குப் பின்னால் இருந்த தெருக்களில், ஒரு வீட்டில், இன்னொரு வீட்டில், அலமாரியில் கிடந்த தெர்மாமீட்டர்கள் ஏறத் தொடங்கின. நூற்றொன்று, நூற்றிரண்டு, நூற்றி நாலு. "காய்ச்சல்! எங்க வீட்டுல காய்ச்சல்!" என்று அலறிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்கள். பாக்கியசீலி ஓடிப்போய்ப் பிள்ளையின் கக்கத்தில் வைத்து எடுத்தாள். நூற்றி மூன்று புள்ளி இரண்டு. வாழ்க்கையில் அவள் எந்த எண்ணுக்கும் அப்படி அழுததில்லை.

அன்றைக்கு ஒன்பது பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பன்னிரண்டோடு ஒன்பது, இருபத்தொன்று. எழுதிய எல்லைக்குள் எங்கேயோ ஒரு இடம். ஒன்பது பேருக்கும் நர்ஸ் ஊசி குத்தினாள். ஜெசிந்தாவுக்கு இரண்டாம் நாள், உடனே டிரிப்ஸ் ஏறியது, தட்டணுக்கள் இறங்கினாலும் பயப்பட வேண்டாம், நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அரிச்சந்திரனுக்கு ஆறாம் நாள். நாடி பிடித்தவர் இரண்டு முறை விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அரிச்சந்திரன் போய்விட்டார், போகும்போதும் சத்தம் போடவில்லை.

வடிவு வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பாக்கியசீலி பக்கத்தில் போய் நின்றாள், உட்காரத் துணிவில்லை.

"உன் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றாள் வடிவு.

"தேறிருவான்னு சொல்லுதாவக்கா."

"நல்லது." முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். "இன்னைக்கு எழுதினியே அந்த நம்பரு, அதை வியாழக்கிழம எழுதியிருக்க முடியாதா?"

முடியாது, மெஷின் காட்டவில்லை என்று சொல்ல வாய் போனது. ஊரே நம்பும், டாக்டர் தர்மசீலன் கையெழுத்தே போடுவார். பாக்கியசீலி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதியிருக்கலாம்க்கா. அப்ப எம்பிள்ளைக்குக் காய்ச்சல் வரல."

வடிவு தலையை ஆட்டினாள், விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவள் ஆட்டுகிற மாதிரி. "இதை எங்கிட்ட ஏன் சொல்லுதே? அந்தப் போர்டுல எழுது," என்றாள்.

திங்கட்கிழமை பாக்கியசீலி இருபத்தொன்றையும் உள்ளே போட்டாள், விட்டுப்போன வாரங்களின் வெறுஞ்சூடுகளை வீடு வீடாக விசாரித்து அவற்றையும் போட்டாள். திரையில் பட்டை மறுபடி அகலமாக விரிந்தது. பதினைந்து முதல் நாற்பது வரை என்று எழுதினாள். ஊர் டிரம்களை மூடிக் கயிறு போட்டுக் கட்டியது. எத்தனை பேர் நிறைந்தார்கள் என்று மைக்கில் யாரும் சொல்லவில்லை, எப்போது முடியும் என்று தெரியாத ஊரில் யார் வெடி போடுவது? பயம் வாரம் முழுக்க இருந்தது, அந்தப் பயத்தோடேயே மருந்து ஊற்றும் பெண்களை உள்ளே கூப்பிட்டார்கள். எண்ணுக்குக் கீழே அவள் இதையும் எழுதினாள்:

'காய்ச்சல் என்று வியாழக்கிழமையே சொல்லியும் நான் சேர்க்காதவர் அரிச்சந்திரன், வயது 44, உப்பளத் தொழிலாளி. அப்போது என் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை. இப்படிக்கு, பாக்கியசீலி.'

அதை அழி என்றார் டாக்டர் தர்மசீலன். நீங்களே அழியுங்கள் சார் என்று டஸ்டரை நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வாரா வாரம் மேலே உள்ள எண்கள் மாறின, கீழே உள்ளது நின்றது. படித்துவிட்டுச் சிலர் அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள், சிலர் தங்கள் வீட்டில் மோர் கொடுத்துப் படுக்கவைத்த ஆளின் பேரையும் எழுத வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் வடிவு வந்தாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள், ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தாள். பாக்கியசீலி சாக்பீஸோடு பின்னால் நின்றாள். வடிவு கடைசி வரி வரைக்கும் போய், திரும்ப மேலே வந்து, அந்தப் பேரில் விரலை வைத்தாள்.

"இனிஷியலை விட்டுட்டியே. பே. அவிய அப்பா பேச்சிமுத்து."

பாக்கியசீலி முன்னால் போய் அந்த எழுத்தைப் போட்டாள்.